மடித்து எடுத்துப் போகும் மருத்துவமனை

சென்ற செயற்குழுவில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டதை அங்கத்தினர்கள் பலரும் அறிவீர்கள். பஸ்தர் பக்கத்து மலைக் கிராமங்களில் தொண்டு செய்யும் ஓர் அமைப்பு, மடக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய சிறிய மருத்துவக் கூடம் ஒன்று வாங்குவதற்கு நம் சங்கத்தின் மருத்துவ உதவி நிதியிலிருந்து பங்கு கேட்டிருந்தது. கூடவே ஒரு வண்ணப் படம். "இரண்டே மணி நேரத்தில் மருத்துவமனை தயார்" என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"நல்ல காரியம், யோசிக்காமல் கொடுத்துவிடலாம்" என்றார்கள் சிலர். "தகரக் கொட்டகைக்கா இவ்வளவு பணம்?" என்றார்கள் வேறு சிலர். தலைவர் என் பக்கம் திரும்பி, "முப்பத்தொன்பது வருஷம் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவர் நீங்கள்தான் சார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டார். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. அந்த நிதி பொங்கல் விழாவில் ஒவ்வொரு குடும்பமும் போட்ட பணம். அதனால் எல்லோருக்குமாக நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று எண்ணினேன்.

நான் டாக்டர் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு 1981இல் பிலாஸ்பூருக்கு வந்து, பெட்டி, வாகன் பராமரிப்பிலேயே 2020 வரை காலம் தள்ளியவன். மருத்துவத்தைப் பற்றி நான் சொல்வது கேள்வி ஞானம். கீல், போல்ட், எடை, காற்று இவற்றைப் பற்றிச் சொல்வது கையால் தொட்டு அறிந்தது.

மடிப்பது புதிதல்ல

ஊருக்குப் போகும்போது நாம் எல்லோரும் ஒரு மடக்குச் சாதனத்தில் படுத்துத்தான் போகிறோம். ஸ்லீப்பர் பெட்டியின் நடுப் பெர்த்தைச் சொல்கிறேன். பகலில் அது முதுகுக்குச் சாய்மானம், இரவில் கட்டில். அதில் மூன்றே விஷயங்கள்தாம் இருக்கின்றன. திரும்புவதற்குக் கீல், தாங்குவதற்குச் சங்கிலி, மாட்டுவதற்குக் கொக்கி. எந்த மடக்குக் கட்டடத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த மூன்றும் ஏதாவது ஓர் உருவத்தில் அதில் இருக்கும்.

பெர்த்துகளைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பலகை கெட்டு நான் பார்த்தது குறைவு. கீல்தான் முதலில் தேயும், கொக்கிதான் வளையும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு திரை இருக்குமே, அதுவும் மடிப்புக் கோட்டில்தான் கிழியும். மடியும் பொருளின் ஆயுள் அதன் மடிப்பின் ஆயுள்தான். சாதாரணக் கட்டடத்தில் சுவரைப் பார்த்து விலை பேசலாம். மடக்குக் கட்டடத்தில் இணைப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரு ரயில்காரர் அனுப்பிய மருத்துவமனை

இந்த யோசனைக்கு வயது 170 ஆண்டு. 1854-55 குளிர்காலத்தில் கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் துருக்கியில் ஸ்குடாரி என்ற இடத்தில் பெரிய பாசறைக் கட்டடத்தில் படுத்திருந்தார்கள். அவர்களைக் காயத்தைவிட நோய்தான் அதிகம் கொன்றது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100க்கு 42 பேர் இறந்தார்கள் என்பது வரலாறு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நடந்தது அந்த வார்டுகளில்தான்.

அந்த பிப்ரவரியில் லண்டன் அரசாங்கம் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயைக் கட்டிய இசம்பார்ட் கிங்டம் பிரூனெலிடம் போயிற்று. எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று கேட்டது. பிரூனெல் ஒரே பெரிய மாளிகையாக வரையவில்லை. சுமார் 50 நோயாளிகளுக்கு ஒரு மரக்கூடம், அதைப் போலவே எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டார். ஒவ்வொரு கூடத்துக்கும் அதற்கென்றே கழிவறை, கழிவுநீர்க் குழாய், காற்றை உள்ளே தள்ளக் கையால் சுற்றும் விசிறி. வெயிலைத் திருப்பி அடிக்கக் கூரையின்மேல் பளபளக்கும் மெல்லிய தகரம். தீப் பிடிக்கும் என்று சமையலறையையும் சலவைக் கூடத்தையும் மரத்தில் செய்யாமல் இரும்பில் செய்து தள்ளி வைத்தார். எந்தத் துண்டும் இரண்டு பேர் தூக்கும் எடைக்கு மேல் போகக்கூடாது என்பது அவருடைய விதி. ஒரு மாதிரிக் கூடத்தை லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் மற்றவற்றைக் கப்பலில் ஏற்றினார்கள்.

டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் ரென்கியோய் என்ற இடத்தில் அது எழுந்தது. 1855 அக்டோபரில் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். மறு ஆண்டு போர் முடிந்து மூடும் வரை வந்த சுமார் 1,300 பேரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 50 பேர். அங்கே அனுப்பப்பட்டவர்கள் ஓரளவு பயணம் தாங்கக்கூடியவர்கள் என்பதால் ஸ்குடாரியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் காற்றும் தண்ணீரும் சாக்கடையும் சரியாக இருந்தால் மரக் கொட்டகையும் உயிர் காக்கும் என்பது அங்கே தெரிந்துபோயிற்று.

நம் நாட்டோடும் இதற்கு ஒரு சம்பந்தம் உண்டு. ரென்கியோயில் அந்தக் கூடங்களை நின்று பூட்டிய என்ஜினீயர் ஜான் பிரண்டன். அவர்தான் பிறகு இந்தியாவுக்கு வந்து, கராச்சியிலிருந்து கோத்ரி வரை சிந்து ரயில்வேயைப் போட்ட தலைமைப் பொறியாளர்.

பியோங்யாங்கில் கிடைத்த என்ஜின்

அடுத்த கதை நம்மவருடையது. 1950இல் கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கிப் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பிற்று. அதன் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கூடாரம், அறுவை மேசை, மருந்து எல்லாம் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு நகரும் மருத்துவமனை அது.

அவர்கள் பியோங்யாங் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே சீனப் படை வந்துவிட்டது. எல்லோரும் பின்வாங்க வேண்டும் என்று உத்தரவு. சாமான்களை ஏற்ற வண்டி கிடையாது. விட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் மருந்தும் கருவியும் இல்லாத மருத்துவப் பிரிவு வெறுங்கையோடு போய் என்ன செய்யும்? ஸ்டேஷனில் கைவிடப்பட்டு நின்ற ஒரு நீராவி என்ஜினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். என்ஜின் வேலை கொஞ்சம் தெரிந்தவர்கள் பிரிவில் இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி நிரப்பி, அடுப்பு மூட்டி, பாலங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 1951 மார்ச்சில் அதே பிரிவைச் சேர்ந்த 12 பேர் அமெரிக்கப் பாராசூட் படையோடு முன்சான்-னி என்ற இடத்தில் குதித்து அங்கேயே அறுவை சிகிச்சை நடத்தினார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

ரயில்காரன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதைச் சொல்லக் காரணம் வேறு. அந்த மருத்துவமனை தப்பியது கூடாரத்தின் தரத்தால் அல்ல. எந்தப் பொருளையும் கையாலேயே தூக்கி ஏற்ற முடிந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள்.

தண்டவாளம் முடியும் இடம்

மருத்துவமனையை ரயிலிலேயே வைத்தால் என்ன என்ற யோசனையை நம் நாடு செய்து காட்டிவிட்டது. 'ஜீவன் ரேகா' என்னும் லைப்லைன் எக்ஸ்பிரஸ், இம்பாக்ட் இந்தியா பவுண்டேஷனும் ரயில்வேயும் சுகாதார அமைச்சகமும் சேர்ந்து 1991 ஜூலை 16 அன்று தொடங்கியது. அப்போது பீகாரில் இருந்த, இன்று ஜார்க்கண்டில் உள்ள கலாரியில் முதல் முகாம். மூன்று பெட்டியாகத் தொடங்கி 2007இல் ஐந்து, 2016இல் ஏழு என்று வளர்ந்தது. பெட்டிக்குள்ளேயே அறுவை அரங்கு, கண்புரையும் பிளவுபட்ட உதடும் இளம்பிள்ளை வாதத்தால் மடங்கிய காலும் அங்கே இலவசமாகச் சரி செய்யப்பட்டன.

ஆனால் ரயில் தண்டவாளம் உள்ள ஊருக்குத்தான் போகும். பஸ்தரில் எத்தனை கிராமங்கள் தண்டவாளத்தைப் பார்த்திருக்கின்றன? அங்கேதான் மடக்குக் கூடத்தின் வேலை தொடங்குகிறது.

பிலாஸ்பூர் கோட்டத்தில் பல வருடம் விபத்து நிவாரண வண்டிகளின் பராமரிப்பில் இருந்தேன். அதில் மருத்துவ வண்டி தனி சைடிங்கில் எந்நேரமும் தயாராக நிற்கும். இரு பக்கமும் வழியுள்ள சைடிங் என்றால் உத்தரவு வந்த 15 நிமிடத்தில் புறப்பட வேண்டும். சாவி ஒன்று டாக்டரிடம், இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள். ஆள் வரவில்லை, சாவி இல்லை என்று எவரும் சாக்கு சொல்ல முடியாத ஏற்பாடு.

ஒரு மழைக்கால இரவு, காட்டுப் பகுதியில் ஒரு வண்டி தடம் புரண்டது. எங்கள் வண்டி நின்ற இடத்திலிருந்து காயம்பட்டவர்கள் கிடந்த இடம் ஒரு பர்லாங் தூரம், அதுவும் கரைக்குக் கீழே, முழங்கால் சேறு. இருபக்கமும் கைப்பிடி வைத்த மருந்துப் பெட்டிகளைக் கேங்மேன்கள் இரண்டு இரண்டு பேராகப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். விளக்குக்கான ஜெனரேட்டருக்கு ஆறு பேர் தோள் கொடுத்தும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. அதுவரை டாக்டர் அம்மா டார்ச் வெளிச்சத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தராசில் காட்டும் எடை வேறு, சேற்றில் அதே பொருளின் எடை வேறு என்பது அன்று கூட இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நம் காலத்து மடக்குக் கூடங்கள்

இனி இன்றைய கதைக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான மாடுலஸ் ஹவுசிங் என்ற நிறுவனம் 'மெடிகேப்' என்ற மடக்கு மருத்துவக் கூடத்தைச் செய்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் அதற்கு ஆலோசனை தந்தது. 2020இல் கொரோனா சமயத்தில் கேரளத்தில் வயநாடு மாவட்டம் வரதூரில் முதலில் நிறுத்தினார்கள். டாக்டர் அறை, தனிமை அறை, வார்டு, இரண்டு படுக்கைத் தீவிர சிகிச்சை அறை என்று நான்கு பகுதி. மடித்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், நான்கு பேர் இரண்டு மணி நேரத்தில் விரித்துவிடலாம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

ஐந்தில் ஒரு பங்கு என்பது சாதாரணமல்ல. 20 அடி இரும்புக் கன்டெய்னரை மருத்துவ அறையாக்கினால் காலியாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஒரு லாரிக்கு ஒன்றுதான் போகும். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று, அந்தக் காற்றுக்கும் சேர்த்து நாம் லாரி வாடகை கொடுக்கிறோம். இறக்கக் கிரேன் வேண்டும். கிரேன் போகாத ஊருக்குக் கன்டெய்னரும் போகாது.

2021இல் இரண்டாம் அலையின்போது இதே மெடிகேப் முறையில் 100 படுக்கை கொண்ட கூடங்கள் நம் பிலாஸ்பூர், மகாராஷ்டிரத்தில் அமராவதி, புனா, ஜால்னா, பஞ்சாபில் மொகாலி ஆகிய ஊர்களுக்கும், 20 படுக்கைக் கூடம் ராய்ப்பூருக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. மூன்று வாரத்தில் கட்டிவிடலாம் என்றார்கள். அந்த அறிவிப்பில் நான் அடிக்கோடிட்டுக்கொண்ட விஷயம், இவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே நிற்கும் என்பது. டாக்டரும் பரிசோதனைக் கூடமும் பக்கத்தில் இருந்தால்தான் விரித்த கூடம் பயன்படும் என்று தெரிந்தவர்கள் போட்ட திட்டம் அது.

பெட்டிகளாகவே போகும் மருத்துவமனையும் இன்று நம்மிடம் இருக்கிறது. 'பீஷ்ம்' என்று பெயர். கையால் தூக்கும் 36 சிறு பெட்டிகள் கொண்ட ஒரு கூண்டு, அப்படி இரண்டு சேர்ந்தால் 72 பெட்டி, 200 பேர் வரை சிகிச்சைக்குப் போதும் என்ற கணக்கு. 2024 மே மாதம் ஆக்ராவில் விமானப்படை அதைப் பாராசூட்டில் இறக்கிப் பார்த்தது.

பென்சிலும் காகிதமும்

கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் சரி பார்க்கலாம்.

முதலில் எடை. இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு, நடுவே 50 மில்லிமீட்டர் நுரை. இதைத்தான் பஜாரில் பஃப் பேனல் என்கிறார்கள். 8 அடிக்கு 4 அடி அளவில் ஒரு பலகை சுமார் 30 கிலோ வரும். இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். பிரூனெலின் விதிக்கு இது பொருந்துகிறது. ஆனால் நான்கு பலகைகளைக் கீலால் ஒன்றாகக் கோத்து ஒரே மடிப்பாக்கினால் 120 கிலோ, சட்டத்தையும் சேர்த்தால் இன்னும் மேலே. விரிப்பது சுலபம், தூக்குவது கஷ்டம். முழுதும் தனித் துண்டாகப் பிரித்தால் தூக்குவது சுலபம், பூட்டுவது கஷ்டம், போல்ட்டும் தொலையும். ஒரு நல்ல மடக்குக் கூடம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதே அதைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது காற்று. தூக்க இலேசான பொருளைக் காற்றும் தூக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் உண்டாகும். 800 சதுர அடிக் கூரை என்றால் மொத்தம் ஏறத்தாழ மூன்றரை டன். கோடை மழைக்கு முன் இங்கே அடிக்கும் ஆந்தியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் கூடத்தை இலேசாகக் கொண்டுபோய், போன இடத்தில் கனமாக்க வேண்டும். தரையில் திருகி இறக்கும் இரும்பு நங்கூரம் வைக்கலாம். அது முடியாவிட்டால் 200 லிட்டர் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி மூலைகளில் கட்டலாம். மூன்றரை டன்னுக்குப் பதினெட்டு பீப்பாய்.

மூன்றாவது வெயில். 2020இல் ரயில்வே 5,231 பெட்டிகளைக் கொரோனா நோயாளிகளுக்கான தனிமைப் பெட்டிகளாக மாற்றியது. காற்றோட்டம் வேண்டும் என்பதால் ஏ.சி. இல்லாத பெட்டிகள். 2021 கோடையில் மகாராஷ்டிரத்தில் நந்துர்பாரில் அவற்றில் நோயாளிகள் தங்கியபோது ஜன்னல்களில் கூலர் வைத்துச் சூட்டைக் குறைத்தார்கள். மே மாதம் இங்கே 45 டிகிரி அடிக்கும்போது தகரக் கூரையில் கை வைக்க முடியாது. பழைய காலத்து ரயில் பெட்டிகளுக்கு இரட்டைக் கூரை போட்டார்களே, அதுதான் மலிவான வழி. கூடத்தின் கூரைக்கு ஓர் அடி மேலே தார்ப்பாயோ வைக்கோலோ பரப்பி, நடுவே காற்று ஓட விட்டுவிட்டால் போதும். மேலே சுண்ணாம்பு அடித்தால் இன்னும் நல்லது.

நான்காவது தரை. மலைக் கிராமத்தில் சமதளம் எங்கே இருக்கிறது? நான்கு மூலையிலும் திருகு ஜாக்கி இருந்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்தால்தான் கதவு மூடும், கீல் இழுபடாது. ஒரு மூலை ஓர் அங்குலம் தாழ்ந்தால் காஸ்கெட் பிதுங்கி முதல் மழையிலேயே ஒழுகும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அது இன்னும் ஓர் அறைதான். கை கழுவத் தண்ணீர், கழிவு போகக் குழி, தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கக் குளிர்ப்பெட்டி, அதற்கு மின்சாரம் எல்லாம் வேண்டும். நம் சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் அந்த வழி தெரியாத வழி அல்ல.

கனியாரியும் வாரச் சந்தையும்

பிலாஸ்பூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கனியாரி. அங்கே ஜன் ஸ்வாஸ்திய சகயோக் என்ற அமைப்பை டெல்லி எய்ம்ஸில் பயின்ற டாக்டர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். நீர்ப்பாசனத் துறை கைவிட்டிருந்த பழைய கட்டடங்களைச் சீர்செய்து மருத்துவமனை ஆக்கினார்கள். அச்சானக்மார் காட்டோரக் கிராமங்களுக்குப் போய் மருத்துவமும் பார்த்தார்கள். எங்கள் ரயில்வே குடும்பங்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அங்கே மடக்குக் கட்டடம் எதுவும் இல்லை. டாக்டர்கள் வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அப்படியானால் மடக்குக் கூடம் வேண்டாமா? வேண்டும், அதற்குரிய இடத்தில். பஸ்தர் மக்கள் மருத்துவமனைக்கு வராவிட்டாலும் வாரச் சந்தைக்கு வருவார்கள். உப்பு, எண்ணெய் வாங்கவும் மகுவாப் பூ விற்கவும் பல மைல் நடந்து வருவார்கள். அதை அறிந்துதான் மாநில அரசு 2019 அக்டோபர் 2 அன்று வாரச் சந்தை மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. திங்கள் ஓர் ஊரில் சந்தை, செவ்வாய் இன்னோர் ஊரில். மரத்தடியில் மேசை போட்டு மாத்திரை கொடுக்கலாம். ஆனால் கர்ப்பிணிப் பெண்ணை நாலு பேர் பார்க்க வெட்டவெளியில் பரிசோதிக்க முடியுமா? ஒரு பெண் தன் நோயைச் சொல்ல நான்கு சுவர் வேண்டும். அந்த நான்கு சுவர் சந்தையோடு சந்தையாக நகர வேண்டும். மடக்குக் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

மாறாக, ஓர் ஊரில் நிரந்தரமாக மருத்துவமனை வேண்டும் என்றால் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டுவதே மேல். நகரப்போகாத கட்டடத்துக்கு எதற்குக் கீல்?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே பணம் கொடுக்குமுன் அந்த அமைப்புக்கு நாம் இந்தக் கேள்விகளை எழுதிக் கேட்க வேண்டும் என்பது என் யோசனை.

1. ஒரு துண்டின் அதிகபட்ச எடை என்ன? கிரேன் இல்லாமல் இறக்க முடியுமா?

2. இதுவரை எத்தனை முறை மடித்து விரித்துப் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு முறை விரித்துப் படம் எடுப்பது கணக்கில் சேராது.

3. கீல், காஸ்கெட், பூட்டு இவற்றுக்கு உதிரிப் பாகம் ஜகதல்பூர் பஜாரில் கிடைக்குமா? கிராமத்து வெல்டர் பழுது பார்க்க முடியுமா?

4. காற்றுக்கும் வெயிலுக்கும் என்ன ஏற்பாடு?

5. தண்ணீர், கழிவு, மின்சாரம் எங்கிருந்து?

6. அங்கே முடியாத நோயாளியை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? வண்டி உண்டா?

7. நூறாவது நாள் காலையில் கதவைத் திறக்கப்போவது யார்? அவருக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். இரண்டு மணி நேரத்தில் விரிப்பதை எல்லோரும் படம் எடுப்பார்கள். நூறாவது நாளைப் படம் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். திருப்தியான பதில் வந்தால், சந்தை தோறும் போகும் கூடமாக இதை நடத்துவது என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம் என்பது என் கருத்து. கொடுப்பதில் பாதியைக் கூடத்துக்கும், மறு பாதியை ஒரு நர்ஸின் சம்பளத்துக்கும் உதிரிப் பாகத்துக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். அந்தப் பட்டியலில் கட்டடம் இல்லை. ஆனால் அந்த நால்வரும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் அல்லவா? மலையேறி வர முடியாதவரிடம் மற்ற மூன்றையும் தூக்கிச் செல்லும் வாகனம் என்று மடக்குக் கூடத்தை நினைத்துக்கொண்டால் அதன் மதிப்பும் எல்லையும் விளங்கும்.

நம் வீடுகளில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரூர்க்கேலாவிலும் ராய்ப்பூரிலும் கரக்பூரிலும் கடைசி வருடப் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறார்கள். இரண்டு பேர் தூக்கக்கூடிய, கிராமத்து வெல்டர் பழுது பார்க்கக்கூடிய, ஆந்தியில் பறக்காத ஒரு பரிசோதனை அறையை வரைந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். கீலைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் எனக்கும் பொழுது போகும்.

அங்கத்தினர்கள் தங்கள் கருத்தை அடுத்த செயற்குழுவுக்கு முன் செயலாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.